குழந்தையின் முகம்
(ஒக்கலிபுரத்தில் தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இசையும் கூத்தும் நிறைந்த விழா மேடையில் குடியைப் பற்றிப் பேசுவது பொருந்துமோ எனச் சிலர் எண்ணக்கூடும். புகைவண்டி நிலையத்தை ஒட்டிய இந்த ஒக்கலிபுரத்தில் உழைத்து உண்ணும் தமிழ்க் குடும்பங்கள் பல. அவற்றின் துயரம் சங்கத்தின் துயரமன்றோ? குடி குடியைக் கெடுக்கும் என்று சுவரெங்கும் எழுதி வைத்திருக்கிறோம். அந்தக் குடியிலே முதலில் கெடுபவர் யார் என்று எண்ணிப் பார்த்தோமா? கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரமே வகுத்த வள்ளுவர், கள்ளுண்டு களிப்பவனைக் காணும் தாயின் முகத்தை நமக்கு நினைவூட்டினார். நான் குழந்தையின் முகத்தை நினைவூட்ட விரும்புகிறேன்.

இப்பணியில் வாழ்வைச் செலவிட்ட ஒருவரின் வரலாற்றைச் சொல்கிறேன். சென்னையில் டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் புகழ்பெற்ற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர் சாந்தி ரங்கநாதன். குடிநோய்க்கு ஆளான கணவரை அவர் 1979-ஆம் ஆண்டில் இழந்தார். செல்வமும் செல்வாக்கும் இருந்தும் அந்த உயிரைக் காக்க இயலவில்லை. இத்தகைய சாவை மறைத்துப் பேசுவதே நம் நாட்டு வழக்கம். அவரோ மறைக்கவில்லை. அமெரிக்காவின் மினசோட்டாவிலுள்ள ஹேசல்டன் நிலையத்தில் பயிற்சி பெற்றார். 1980-இல் கணவர் பெயரால் சென்னையில் மருத்துவ அறக்கட்டளை ஒன்றை நிறுவினார். அதுவே டி.டி.கே. மருத்துவமனையாக வளர்ந்தது. 1992-இல் பத்மஸ்ரீ விருதும், 1999-இல் ஐக்கிய நாடுகளின் வியன்னா குடிமைச் சமூக விருதும் அவரைத் தேடி வந்தன.

அவர் பணியின் சிறப்பு யாது? குடியை ஒழுக்கக்கேடு என்று மட்டும் பழிக்காமல் நோய் என்று கொண்டார். நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் மனக்குழப்பமும் வலிப்பும் தோன்றலாம். உயிருக்கே இடர் நேரலாம். ஆதலால் அறையில் பூட்டி வைப்பது மருத்துவமாகாது. முதலில் மருத்துவர் உடலைத் தேற்றவேண்டும். பின்னர் அறிவுரையாளர் உள்ளத்தைத் தேற்றவேண்டும். அங்கு நோயாளியோடு குடும்பத்தார்க்கும் பயிற்சி உண்டு. ஏனெனில் ஒருவர் குடிக்கும்போது வீடு முழுவதும் நோயுறுகிறது.

1989-இல், இன்றைய திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில், ஊராரின் துணையோடு 15 நாள் முகாம் நடத்தினார். மருத்துவமனைக்கு வர இயலாத உழவரை மருத்துவமே தேடிச் சென்றது. குடித்தவரை இகழ்ந்து ஒதுக்குவதற்கு மாறாக, அவரைத் தேற்றி ஏற்பது ஊரின் கடமையாயிற்று.

தந்தை தெளிந்தால் குழந்தைக்கு விடுதலை. அந்தக் குழந்தையின் நிலையைச் சற்று எண்ணுங்கள். காலடி ஓசையைக் கொண்டே தந்தையின் நிலையை அறிந்துகொள்கிறது. மூத்த பெண் தம்பி தங்கையர்க்குத் தாயாகிறாள். பள்ளிக்கு வராத காரணத்தை ஆசிரியரிடம் மாற்றிச் சொல்கிறாள். வீட்டு மானம் என்னும் பெருஞ்சுமையைப் பத்து வயதில் சுமக்கிறாள்! தந்தைக்கு மருத்துவம் தேடுவதே அவளைக் காக்கும் முதல் வழி. அடியும் கொடுமையும் நேரும்போது, மருத்துவம் பலிக்கும்வரை காத்திருத்தல் கூடாது. 1098 என்னும் எண்ணை அழைத்தல் வேண்டும். குழந்தையைக் கொண்டு மது விற்பதும், மது சுமக்கச் செய்வதும் 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி 7 ஆண்டுவரை கடுங்காவலுக்குரிய குற்றமாகும். 'கடைக்குப் போய் வாங்கி வா' என்று பிள்ளையை ஏவுவோர் இதை அறிதல் வேண்டும்.

மருத்துவத்திற்கு நாம் சென்னை செல்லவேண்டியதில்லை. நம் பெங்களூரிலேயே நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் குடிநோய்க்குத் தனிப் பிரிவு இருக்கிறது. வழி இருக்கிறது, தடையாய் நிற்பது நம் நாணமே.

அந்த நாணத்தைப் போக்கச் சங்கம் ஒன்று செய்யலாம். குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கம் 1935-இல் அமெரிக்காவில் தோன்றியது. குடும்பத்தாருக்காக 1951-இல் அல்-அனானும், இளம் பிள்ளைகளுக்காக 1957-இல் அலட்டீனும் தோன்றின. அவற்றிற்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஓர் அறை, ஒரு மணி நேரம், கேட்டதை வெளியே சொல்லாத நாவடக்கம் – இவை போதும்.

தலைவர் அவர்களே! சங்கத்தின் படிப்பக அறையை வாரத்தில் ஒரு மாலை இப்பணிக்கு ஒதுக்கித் தருமாறு வேண்டுகிறேன். தமிழைக் காக்கச் சங்கம் அமைத்தோம். தமிழ் பேச வேண்டிய குழந்தை வாய் திறக்க அஞ்சி ஒடுங்கினால் நாம் காத்தது எது? அக்குழந்தை அச்சமின்றிப் பேசட்டும். நாம் அமர்ந்து கேட்போம்.