வேண்டியது பொறுமையே!



எதிரணித் தம்பி, "தத்தெடுத்த பிள்ளைக்கு அன்பு ஒண்ணே போதும்"னு அழகா சொன்னார். கைதட்டினீங்க. நானும் தட்டினேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி நானும் அப்படித்தானே நினைச்சேன்!

எங்க பொண்ணு நாலு வயசுல எங்க வீட்டுக்கு வந்தா. அதுக்குள்ளேயே பசியும் தெரியும், அடியும் தெரியும் அவளுக்கு. வந்த பதினைந்தாம் நாள் படுக்கையறையில் எறும்புச் சாரை. பின்னாலேயே போனா, தலையணைக்கு அடியில ரெண்டு இட்லி, பாதி வாழைப்பழம்! அன்பான தாய் நான் என்ன செஞ்சேன்? கத்தினேன். "இந்த வீட்டுல உனக்கு என்ன குறை வச்சோம்?"

அவள் அழவில்லை, நடுவர் அவர்களே. ரெண்டு கையாலும் தலையை மறைச்சுக்கிட்டு நின்னா. நான் கையை ஓங்கவே இல்லை. ஆனா அவ கண்ணுக்குத் தெரிஞ்சது முன்னாடி அடிச்ச கை.

"ரத்தத்துல வந்த திருட்டுப் புத்தி"ன்னாங்க எங்க அத்தை. டாக்டர்தான், "திருட்டு இல்லம்மா, நாளைக்குச் சோறு கிடைக்குமாங்கிற பயம்"னு சொன்னார்.

1989-ல் ருமேனியாவில் சௌசெஸ்கு ஆட்சி கவிழ்ந்த பிறகு, அங்கே விடுதிகளில் கவனிப்பாரற்றுக் கிடந்த குழந்தைகளை உலகமே பார்த்தது. பின்னர் புக்காரெஸ்ட் நகரில் 136 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேரைக் குடும்பங்களில் வளர்த்தார்கள். இரண்டு வயதுக்குள் குடும்பத்துக்குப் போனவர்கள் பொதுவாக நன்றாகத் தேறினார்கள். தாமதமானவர்கள் அந்த அளவுக்குத் தேறவில்லை. என் பொண்ணு வந்ததோ நாலு வயசுல!

கட்டில் பக்கத்துல ஒரு எவர்சில்வர் டப்பா வச்சேன். முறுக்கு, கடலை உருண்டை. "இது உன்னுது, யாரையும் கேட்க வேண்டாம்"னேன். ராத்திரி நிரப்பினா காலையில காலி. எட்டு மாசம்! "டப்பாவுல ஓட்டை இருக்கா பாரு"ன்னார் எங்க வீட்டுக்காரர். (சிரிப்பு) சிரிக்கிறீங்க. சில ராத்திரி அந்த டப்பாவைத் தூக்கி எறியலாம்னு எனக்குத் தோணியிருக்கு. அன்பு அப்பவும் குறையல. பொறுமைதான் தீர்ந்து போச்சு.

ஒருநாள் திறந்தா, முறுக்கு நமுத்துப் போய்க் கிடக்கு. நாலு நாளா யாரும் தொடலை! அதைக் கையில வச்சுக்கிட்டு அழுதேன் நடுவர் அவர்களே. (கைதட்டல்)

இப்போ அவளுக்குப் பதின்மூணு வயசு. டப்பா அங்கேயேதான் இருக்கு. உள்ளே ஹேர்பின்னும் ரப்பர் பேண்டும். ஓரமா, ரெண்டு கடலை உருண்டையும். தீர்ப்பை உங்களிடம் விட்டு விடைபெறுகிறேன்.