படத்தைப் பார்த்தவர் எத்தனை பேர்?



சீனி வருத்தத்துக்குக் குளிசை எடுக்கிறவர்களிடம் கிளினிக்கில் சொல்வார்கள்: வருடத்துக்கு ஒருமுறை கண்ணைக் காட்டுங்கள். நோவே இல்லாமல் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சீனி கெடுக்கும். படம் எடுத்தால் தெரிந்துவிடும்.

அந்தப் படத்தைக் கணினியிடம் கொடுத்தது கூகிள். 2016இல் வெளிவந்த ஆய்வு அது. மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற இந்தியக் கண் வைத்தியசாலைகளின் படங்களும் அமெரிக்கப் படங்களுமாக 128,175. ஒவ்வொன்றையும் மூன்று முதல் ஏழு வைத்தியர்கள் பார்த்துத் தரம் போட்டார்கள். அவற்றில் பயின்ற கணினியை ஒரு பிரெஞ்சுப் படத்தொகுதியில் சோதித்தபோது அது எடுத்த புள்ளி 0.99. அதாவது, வைத்தியரிடம் அனுப்ப வேண்டிய கண் ஒன்று, தேவையில்லாத கண் ஒன்று என்று நூறு சோடி கொடுத்தால், தொண்ணூற்றொன்பதில் சரியாகப் பிரிக்கும்.

நோர்வேயின் துரொம்சோவில் மூன்று ஆய்வாளர்கள் இதைத் தாங்களும் செய்து பார்த்தார்கள். கூகிள் தன் நிரலை வெளியிடவில்லை. கட்டுரையை வாசித்து அவர்களே எழுத வேண்டியதாயிற்று. 2019இல் முடிவை வெளியிட்டார்கள். கூகிள் சோதித்த அதே பிரெஞ்சுப் படத்தொகுதியில் இவர்களுக்குக் கிடைத்தது 0.853. நூறு சோடியில் ஒன்று தவறிய இடத்தில் பதினைந்து தவறுகிறது!

கூகிள் பொய் சொன்னதென்று நான் நினைக்கவில்லை. நோர்வேக்காரர் பயன்படுத்திய, பொதுவில் கிடைத்த பயிற்சிப் படங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒருவர்தான் தரம் போட்டிருந்தார். அது காரணமாக இருக்கலாம் என்று அவர்களே எழுதினார்கள். நிரலின் சில அமைப்புகளும் கட்டுரையில் இல்லை. அரவிந்திலும் சங்கர நேத்ராலயாவிலும் 3,049 நோயாளரிடம் சோதித்தபோது கூகிளின் கருவி மனிதருக்குக் குறையாமல் செய்தது. ஆனால் அந்தச் சோதனையிலும் கூகிள் குழுவே இருந்தது. வெளியாள் ஒருவர் செய்து அதே விடை வரும்வரை, எனக்கு அது பாதிச் சான்றுதான்.

கணினியை விடுங்கள், கருவிக்குக் கருவியே கணக்கு மாறும். விழித்திரையின் தடிப்பை அளக்கும் ஓ.சி.ரி. ஸ்கேனை எடுங்கள். சுகமான கண்ணின் நடுப்பகுதியைப் பழைய ஸ்ட்ராட்டஸ் கருவி அண்ணளவாக 200 மைக்ரோன் என்னும்; ஸ்பெக்ட்ராலிஸ் 270 என்னும். கண் வீங்கவில்லை, அடிக்கோட்டை இரண்டும் வெவ்வேறு படையில் போடுகின்றன. அறிக்கையிலுள்ள பச்சை, மஞ்சள், சிவப்பும் அந்தந்தக் கம்பனி சேர்த்துவைத்த சுகதேகிகளின் அளவோடு ஒப்பிட்டுப் பூசியவை.

ஆகவே, கல்முனையில் ஒருமுறை, மட்டக்களப்பில் மறுமுறை ஸ்கேன் எடுக்கிறவர்கள் பழைய அறிக்கையையும் கையோடு கொண்டுபோங்கள். எந்தக் கருவியில் எடுத்தது என்பது அதிலேயே அச்சாகியிருக்கும். வைத்தியரிடம் அதைக் காட்டுங்கள்.