நிரலைத் திருத்துங்கள், வரலாற்றைத் தொலைக்காதீர்கள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன் பேசிய நண்பர், கிட் போன்ற பதிப்புக் கட்டுப்பாட்டு முறை இருக்கும்போது பழைய நிரலை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம், எது எங்கே போனது என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும் என்றார். அதில் பாதிதான் சரி. மீதிப் பாதியைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

கணினித் துறையில் இல்லாத நேயர்களுக்காக ஒரு விளக்கம். மென்பொருளின் செயல் மாறாமல், உள்ளமைப்பை மட்டும் ஒழுங்குபடுத்துவதற்கு மறுசீரமைப்பு என்று பெயர். மார்ட்டின் ஃபவுலர் 1999இல் இதைப் பற்றி எழுதிய நூல் துறையில் மிகவும் பேசப்பட்டது. பதிப்புக் கட்டுப்பாட்டு முறை என்பது யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்று எழுதி வைக்கும் பேரேடு. எதற்காக மாற்றினார் என்ற குறிப்பும் அதில் இருக்கும், எழுதியிருந்தால்!

இந்தப் பேரேடு எப்போது தேவைப்படும்? நிரலில் ஒரு வரி விநோதமாக இருக்கும். எடுத்துவிடலாமா என்று கை துறுதுறுக்கும். எழுதியவர் வேலையை விட்டுப் போய் ஐந்தாறு வருடம் ஆகியிருக்கும். அவர் அன்று எழுதிய இரண்டு வரிக் குறிப்புதான் நமக்கு மிச்சம். கிட்டில் 'பிளேம்' என்ற கட்டளை அந்தக் குறிப்புக்கு நம்மைக் கொண்டுபோகும். பெயர் என்னவோ பழி போடுவது. நாம் தேடுவது காரணத்தை. இடையில் ஒருவர் கோப்பின் பெயரை மாற்றி, உள்ளேயும் பாதிக்கு மேல் திருத்தி, ஒரே பதிவாகப் போட்டிருந்தால், எல்லா வரிக்கும் 'சுத்தம் செய்தேன்' என்ற ஒரே பதில்தான் வரும்.

ஏன் அப்படி? பழைய சிவிஎஸ் முறையில் பெயர் மாற்றம் என்பதே கிடையாது. பழைய கோப்பை நீக்கிப் புதியதைச் சேர்க்க வேண்டும். வரலாறு அங்கேயே அறுந்துவிடும். 2004இல் முதல் பதிப்பு வந்த சப்வெர்ஷன் இதைச் சரிசெய்தது. 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய கிட் வேறு வழியில் போனது. அது பெயர் மாற்றத்தைப் பதிவு செய்வதே இல்லை. பிறகு நாம் கேட்கும்போது, காணாமல் போன கோப்பையும் புதிதாக வந்த கோப்பையும் ஒப்பிட்டு, 50 விழுக்காடாவது ஒத்திருந்தால் இரண்டும் ஒன்று என்று ஊகிக்கிறது. அதற்குக் கீழே போனால் இரண்டுக்கும் உறவே இல்லை.

ஜாவா எழுதுபவர்களுக்கு இதில் கூடுதல் தொல்லை. பொது வகுப்பின் பெயரும் கோப்பின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதால், பெயரை மாற்றினால் உள்ளேயும் தொட்டே ஆகவேண்டும். சிறிய கோப்பாக இருந்தால் அந்த 50 விழுக்காடு சீக்கிரமே கரைந்துவிடும். ஆகவே நிரல் ஓடுவதற்குத் தேவையான மாற்றத்தை மட்டும் செய்து, நகர்த்தலைத் தனிப் பதிவாகப் போடுங்கள். அழகுபடுத்துவது அடுத்த பதிவில் இருக்கட்டும்.

சக ஊழியர் இன்னொரு கிளையில் அதே பழைய கோப்பில் வேலை செய்துகொண்டிருந்தால், இப்படிப் பிரிப்பது மட்டும் போதாது. இணைக்கும்போது கிட் நடுவில் உள்ள பதிவுகளைப் பார்ப்பதில்லை. கிளை பிரிந்த இடத்தையும் இரண்டு கிளைகளின் முனைகளையும்தான் பார்க்கும். முதலில் நகர்த்தலை மட்டும் பொதுக் கிளைக்கு அனுப்பி, அவர் அதை இணைத்துக்கொண்ட பிறகு மற்றத் திருத்தங்களைத் தொடங்கினால், அவருடைய ஒரு வார உழைப்பு முட்டிக்கொள்ளாது.

சிறு பதிவுகளால் இன்னொரு லாபம். 'பைசெக்ட்' என்ற கட்டளை, பிழை எந்தப் பதிவில் நுழைந்தது என்று பாதி பாதியாகப் பிரித்துத் தேடும். 1000 பதிவுகள் இருந்தாலும் சுமார் 10 சோதனையில் பிடித்துவிடலாம். பிடிபட்டது 40 கோப்புகளைத் தொட்ட ஒரே பதிவு என்றால், பிடித்தும் பயனில்லை.

இடைவெளி, வரிசை ஒழுங்கு போன்ற மேற்பூச்சு மாற்றங்களுக்கு மட்டும் சலுகை உண்டு. 2019இல் வந்த கிட் 2.23 முதல், குறிப்பிட்ட பதிவுகளைக் கணக்கில் எடுக்காதே என்று பிளேமுக்குப் பட்டியல் கொடுத்துவிடலாம்.

இவ்வளவு கவனமாகச் செய்தும், பல குழுக்களில் கடைசியில் எல்லாப் பதிவுகளையும் ஒன்றாகக் கசக்கி இணைக்கும் வழக்கம் இருக்கிறது. பேரேடு பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால், நகர்த்தலும் திருத்தமும் மறுபடி ஒன்றாகிவிடும். நண்பர் தம் குழுவில் எப்படிச் செய்கிறார் என்பதை அடுத்த சுற்றில் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நெறியாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார்.