வெண்ணந்தூர் ஏரிக்கரையிலிருந்து...

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். பந்தியில் இலை போடுகிற சத்தம் எனக்கும் கேட்கிறது. ஆகவே நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நம் பௌதிகத் துறையில் மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை இருந்தது ஞாபகம் இருக்கிறதா? உடைந்த ஸ்டூல்களோடு நாலு பேர் உட்கார்ந்து 'டிட் டா, டிட் டா' என்று தட்டிக்கொண்டிருப்போம். 'தந்தி ஆபீஸ்' என்று நீங்கள் கேலி செய்த அதே அறைதான். அமெச்சூர் ரேடியோ கிளப். ராஜீவ் காந்தியே ஹாம்தான், வி.யு.2.ஆர்.ஜி. என்பது அவருடைய அழைப்புக் குறி என்று சொல்லித்தான் புதுப் பையன்களைப் பிடிப்போம். நாலு பேரில் இரண்டு பேர் உரிமம் வாங்கினோம். நான் இன்றைக்கும் விடவில்லை.

ஹாம் என்றால் ஜப்பானோடு பேசுவது, ருஷ்யாவோடு பேசுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது சிற்றலை. மேலே அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வந்துவிடும், வீட்டுக்குள்ளிருந்தே பேசலாம். எனக்குப் பிடித்தது வி.எச்.எஃப்., அதற்கும் மேலே மைக்ரோவேவ். இந்த அலைகள் மேலே போனால் பெரும்பாலும் திரும்பாது. டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகப் போகும், குறுக்கே மலை இருந்தால் நின்றுவிடும். அதனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வரவேண்டும், மேட்டில் ஏற வேண்டும்.

எங்கள் வெண்ணந்தூருக்கு இது ரொம்பவே பொருந்தும். ஊருக்குள் விசைத்தறிச் சத்தம். மோட்டார்களின் இரைச்சல் ரேடியோவிலும் கேட்கும். கரண்ட் போனால் ஊரே திட்டும், நான் ஒருவன்தான் சந்தோஷப்படுவேன். எனவே ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரை. ஸ்கூட்டர் பேட்டரி, அலுமினியக் குழாயை அறுத்துச் செய்த யாகி ஆன்டெனா, ஒரு மூங்கில். 144 மெகாஹெர்ட்ஸ் என்றால் அலையின் நீளம் இரண்டு மீட்டர். குழாய்த் துண்டு ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் அளவு, எளிதாக மிதிவண்டியில் கட்டிவிடலாம். முதல் முறை போனபோது, நிலத்தை அளந்து எடுத்துக்கொள்ள வந்திருக்கிறார்கள் என்று பத்துப் பேர் கூடிவிட்டார்கள். என் தாத்தா பேரைச் சொன்ன பிறகுதான் கலைந்தார்கள்.

1999-ல் ஒரு நாள். நம் கிளப்பில் உரிமம் வாங்கிய இன்னொருவர் மங்களபுரம் பக்கம் நின்றுகொண்டிருந்தார். நடுவே போதமலை. ஆன்டெனாவைக் கிழக்கே அவரை நோக்கித் திருப்பி ஒரு மணி நேரம் கூப்பிட்டேன். ஒன்றும் இல்லை. வெறுத்துப்போய் டீ குடிக்க உட்கார்ந்தேன். கட்டியிருந்த கயிறு தளர்ந்து காற்றில் ஆன்டெனா தென்கிழக்கே திரும்பியது. திரும்பியதும் பெட்டியிலிருந்து அவர் குரல், ரொம்பத் தெளிவாக, என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறது! அப்புறம் புரிந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் தெரிகிற கொல்லிமலையில் பட்டுத் தெறித்து வருகிறது. கேரம் போர்டில் ரீபௌண்ட் அடிக்கிற மாதிரி. ஆளைப் பார்த்துப் பேசாமல் மலையைப் பார்த்துப் பேச வேண்டும் என்று அன்றுதான் கற்றுக்கொண்டேன். புத்தகத்தில் இருந்ததுதான், ஆனால் பரீட்சைக்காகப் படித்தது எங்கே மனதில் நிற்கிறது?

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற அம்மையார் ஒரு குழுவோடு அந்தமானில் ஹாம் நிலையம் போட்டிருந்தார். 26-ஆம் தேதி சுனாமி. மற்றத் தொடர்புகள் அறுந்துபோன நேரத்தில் அந்த நிலையம் போர்ட் பிளேரிலிருந்து செய்தி அனுப்பியது. அடுத்த ஆண்டு, 2005 மே 5-ஆம் தேதி, இஸ்ரோ நமக்கென்றே ஹாம்சாட் என்ற 42.5 கிலோ செயற்கைக்கோளை அனுப்பியது. அது 145.9 மெகாஹெர்ட்ஸில் பேசும். தலைக்கு மேலே கடக்கிற பத்துப் பதினைந்து நிமிடமும் ஆன்டெனாவைக் கையில் பிடித்து, பட்டம் விடுகிறவன் மாதிரி சுழன்றுகொண்டே இருப்பேன். 2014-ல் அதன் பேட்டரி போய்விட்டது. சொந்தக்காரர் போன மாதிரி இருந்தது, சிரிக்காதீர்கள்.

இனிமேல் சொல்லப்போவதற்காகத்தான் இன்று மேடை ஏறினேன்.

போதமலையில் கீழூர், மேலூர், கெடமலை என்று மூன்று ஊர்கள். எங்கள் வெண்ணந்தூர் ஒன்றியம்தான். அப்போதெல்லாம் ரோடு கிடையாது. தேர்தல் வந்தால் ஓட்டுப் பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு நடப்பார்கள், பேப்பரில் படம் பார்த்திருப்பீர்கள். 2011-ல் நான் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தபோது அந்த மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு பையன், பத்தாவது முடித்தவன், ரொம்ப நேரம் நின்று பார்த்தான். அப்புறம் கேட்டான்:

"ஏனுங்க சார், இது எங்க மலை மேல இருந்தா இங்க கேக்குங்களா?"

"உங்க மலை இங்கிருந்தே கண்ணுக்குத் தெரியுதே தம்பி, கேக்காம எங்க போகும்?" என்றேன்.

அடுத்த வாரம் அவனோடு மலை ஏறினேன். மூச்சு வாங்கியது போங்கள்! மலை முகப்பில் ஒரு பாறை. ஐந்து வாட் கையடக்கப் பெட்டியில் கூப்பிட்டேன். ஏரிக்கரையில் இருந்த நண்பர் பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி பதில் சொன்னார். பன்னிரண்டு கிலோமீட்டர்கூட வராது. மலைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பெரியவர், "முடியாத ஆளை இறக்குறதுக்கு முன்னாடியே கீழ வண்டிக்குச் சொல்லிடலாமுங்களே" என்றார். தூளி கட்டித்தான் நோயாளியை இறக்குவார்கள். அடிவாரம் வந்த பிறகுதான் வண்டி தேட வேண்டும்.

பெட்டியை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள் என்று கேட்டார்கள். உரிமம் இல்லாதவரிடம் கொடுக்கக் கூடாது. எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். பையனைப் பரீட்சை எழுதச் சொன்னேன். ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் வேண்டாம், சீக்கிரம் வாங்கிவிடலாம் என்று தைரியம் சொன்னேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ராத்திரி அவனுடைய சித்தியைப் பிரசவ வலியோடு இறக்கியிருக்கிறார்கள். அடிவாரத்தில் வண்டி கிடைக்க ஒன்றரை மணி நேரம். சித்தி பிழைத்தார். குழந்தை தங்கவில்லை. என் பெட்டி அன்றைக்கு வீட்டு அலமாரியில் முழு சார்ஜோடு இருந்தது.

சட்டப்படி நான் செய்தது சரி. வீட்டிலும் அப்படித்தான் சொன்னார்கள். நான் அதைப் பற்றி வேறு எதுவும் சொல்லத் தெரியாமல்தான் இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன்.

பையன் பரீட்சை எழுதிப் பாஸ் செய்தான். என்னோடு ஏரிக்கரையில் உட்கார்ந்து ஓம் விதியைக் கற்றுக்கொண்ட வேகம், நம் வகுப்பில் ஒருவருக்கும் இருந்ததில்லை, மன்னிக்கவும். ஆனால் உரிமம் கைக்கு வர ரொம்பக் காலம் ஆகிவிட்டது. வந்தபோது அவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். உரிமத்தில் உள்ள முகவரி மட்டும் மலையூர். பொங்கலுக்கு வருவான், பாறையில் ஏறிக் கூப்பிடுவான்.

இப்போது ஏரிக்கரையில் மைக்ரோவேவும் வந்துவிட்டது. கத்தார் நாட்டின் செயற்கைக்கோள் ஒன்று 2018 நவம்பரில் ஏவப்பட்டது. அதில் ஹாம்களுக்கென்று ஒரு பகுதி, 10 கிகாஹெர்ட்ஸில் இறங்குகிறது. பிரேசிலிலிருந்து தாய்லாந்து வரை கேட்கும். பக்கத்து வீட்டார் தூக்கிப்போட்ட டி.டி.எச். டிஷ்ஷே போதும். மேற்கே, கொஞ்சம் தெற்காகச் சாய்த்து, முப்பது டிகிரி உயரத்தில் வைக்க வேண்டும். வெயில் ஏறினால் டிஷ்ஷின் மூக்கிலிருக்கும் கருவி சூடாகி அலைவரிசை நகர்ந்துவிடும், ஈரத்துண்டு போர்த்துவேன். நான் கேட்பதோடு சரி. ஆடு மேய்க்க வந்த அம்மா ஒருவர், "டிஷ்ஷைத் திருப்பி வெச்சிருக்கீங்க கண்ணு, சன் டிவி வராது" என்று திருத்தப் பார்த்தார்.

போன பொங்கலன்று டிஷ்ஷில் யாரோ ஓர் இத்தாலிக்காரர் பேசிக்கொண்டிருந்தார். கையடக்கப் பெட்டியில் போதமலை கூப்பிட்டது. இத்தாலிக்காரரை நிறுத்திவிட்டேன். ரோடு வேலை எதுவரை வந்திருக்கிறது என்று பையன் சொல்லிக்கொண்டிருந்தான். பையன் என்ன பையன், முடி நரைக்கத் தொடங்கிவிட்டது. பின்னாலிருந்து அவன் மகள், "நானும் பேசறேன், நானும் பேசறேன்" என்று கத்துவது கேட்டது. உரிமத்துக்குப் பன்னிரண்டு வயது ஆக வேண்டும். அவளுக்கு ஐந்து. அவனும் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அவன் அழுத்திப் பிடித்த பொத்தானை உடனே விடவில்லை. அவள் கத்தியதை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான், "கேட்டது, ஐந்துக்கு ஒன்பது" என்று பதில் சொன்னேன்.