எல்லைக்கோடு எங்கே? ஊர்விலக்கும் உரிமை யாருக்கு?

(கும்மிடிப்பூண்டியில் திருவள்ளூர் மாவட்ட இளைஞர்கள், வணிகர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

தொழிற்பேட்டையில் ஷிப்டு முடித்த கையோடு வந்திருக்கிறீர்கள். கடையை முன்னதாகவே அடைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஒருவர் தம்மை ‘முற்போக்கு முஸ்லிம்’ என்று சொல்லிக்கொண்டால், ‘இவர் முஸ்லிம்தானா?’ என்ற கேள்வி உடனே எழுகிறது. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நாம் எதுவரை போகலாம்? இதுதான் இன்றைய பேச்சு.

குமரி மாவட்டம் தக்கலை, பீர்முகம்மது அப்பா அடங்கியிருக்கும் ஊர். அவ்வூர்க் கவிஞர் ஹெச்.ஜி.ரசூல், கலை இலக்கியப் பெருமன்றத்தில் பணியாற்றியவர். ‘மைலாஞ்சி’ கவிதைத் தொகுப்புக்காக முன்பே எதிர்ப்பைச் சந்தித்தவர். மதுவைக் குறித்து ‘உயிர்மை’ இதழில் எழுதிய கட்டுரைக்காக 2007-ல் அவரை ஊர் ஜமாஅத் விலக்கி வைத்தது. 2017-ல் அவர் காலமானார்.

மது ஹராம். அதில் நமக்கு இரண்டு கருத்து கிடையாது. கட்டுரை தவறென்றால் ஆலிம்கள் ஆதாரத்தோடு மறுப்பு எழுதட்டும். மேடை போட்டுப் பேசட்டும். ஆனால் ஊர்விலக்கம் என்பது மறுப்பா? நிக்காஹ் பதிவேடு, நல்லது கெட்டதுக்கு வரும் சனம், கடைசியில் கபர்ஸ்தானின் ஆறடி மண், இவற்றின் மேல் கை வைப்பதற்குப் பெயர்தான் ஊர்விலக்கம். எழுதியவர் ஒருவர், தண்டனை அனுபவிப்பது ஒரு வரிகூட எழுதாத மனைவி மக்கள்!

இது முற்போக்கு எழுத்தாளர்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1980, 90-களில் தொழுகையில் விரலசைத்ததற்காகவும் தர்கா வழிபாட்டை மறுத்ததற்காகவும் தவ்ஹீத் சகோதரர்கள் எத்தனை ஊர்களில் விலக்கப்பட்டார்கள்! அதே சகோதரர்களில் சிலர் பின்னாளில் மற்றவர்களை ‘முஷ்ரிக்’ என்றார்கள். இன்று நாம் தீட்டும் கத்தி நாளை யார் கையில் இருக்கும் என்று எவருக்குத் தெரியும்?

கத்தி என்று உவமைக்காகச் சொல்லவில்லை. 2017 மார்ச் 16 அன்று கோவையில் ஃபாரூக் என்ற இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். திராவிடர் விடுதலைக் கழகத்தைச் சேர்ந்தவர், கடவுள் மறுப்பாளர். அந்த வழக்கில் கைதானவர்கள் நம் சமுதாய இளைஞர்கள். மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்பது அல்பகரா அத்தியாயத்தின் 256-வது வசனம் தரும் போதனை. அதை ஓதுகிற சமுதாயத்தில் இப்படி ஒரு கொலை வழக்கு!

அப்படியானால் எல்லையே இல்லையா? உண்டு. ஓரிறைக் கொள்கை, நபி (ஸல்) அவர்கள் இறுதித்தூதர் என்ற நம்பிக்கை, ஐந்து கடமைகள், இவை இல்லாமல் இஸ்லாம் இல்லை. முற்போக்குச் சகோதரர்களும் இதை மனதில் கொள்ள வேண்டும். வட்டி, வரதட்சணை, பெண்ணுரிமை என எதைப் பற்றியும் கேளுங்கள். ஆனால் படித்துவிட்டுக் கேளுங்கள்.

எல்லை இருப்பது வேறு. எல்லைக்காவலர் வேலையை நாமே எடுத்துக்கொள்வது வேறு. போர்க்களத்தில் கலிமா சொன்ன ஒருவரை, உயிருக்குப் பயந்து சொல்கிறார் என்று எண்ணி உஸாமா (ரலி) வெட்டிவிட்டார். அவருடைய நெஞ்சைத் திறந்து பார்த்தாயா என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கடிந்துகொண்டார்கள். நெஞ்சுக்குள் இருப்பது அல்லாஹ்வுக்கும் அடியானுக்கும் இடையில் உள்ளது.

1953 பஞ்சாப் கலவரத்தை விசாரித்த பாகிஸ்தானின் முனீர் கமிஷன், முஸ்லிம் என்பவர் யார் என்று உலமாக்களிடம் கேட்டது. விளக்கங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்று 1954-ல் அறிக்கை சொன்னது. 2005-ல் ஜோர்டான் தலைநகர் அம்மானில் கூடிய உலக அறிஞர்கள், எட்டு மத்ஹபுகளைச் சேர்ந்த எவரையும் காஃபிர் என்று சொல்லக் கூடாது என்று தீர்மானித்தார்கள். அவர்களுக்கே இவ்வளவு நிதானம் தேவைப்பட்டதென்றால், தெருமுனையில் ஃபத்வா கொடுக்க நாம் யார்?

இன்னொன்றையும் யோசியுங்கள். 1981-ல் மீனாட்சிபுரத்து மக்கள் இஸ்லாத்தை ஏற்றபோது அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவைத்தான் காட்டினோம். கேரளத்து ஹாதியாவின் வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம், மார்க்கத்தைத் தேர்ந்தெடுப்பது அவருடைய உரிமை என்றபோது மகிழ்ந்தோம். வருகிறவருக்குத் திறக்கும் கதவு, போகிறவருக்கு மட்டும் கத்தியாக மாறலாமா? நம் உரிமைக்காகக் காட்டும் சட்டப் பிரிவை அடுத்தவருக்கு மறுத்தால், நாளை நம் பேச்சை எவர் கேட்பார்?

ஊர்விலக்கத்தைத் தடுக்க பம்பாய் மாகாணம் 1949-ல் போட்ட சட்டத்தை, போஹ்ரா தலைவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1962-ல் ரத்து செய்தது. ஆனால் மகாராஷ்டிரம் 2016-ல் சமூகப் புறக்கணிப்புக்கு எதிராகச் சட்டம் கொண்டு வந்தது. 2023-ல் அந்த 1962 தீர்ப்பே மறுஆய்வுக்காக ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது. நாமாகத் திருத்திக்கொள்ளாததைக் கோர்ட்டும் சர்க்காரும் வந்து திருத்தும். அந்த நிலை நமக்குத் தேவையா?

ஆகவே இந்த மாவட்டத்து ஜமாஅத்துகளிடம் மூன்று கோரிக்கைகள் வைக்கிறேன். கருத்துக்காக எவருக்கும் நிக்காஹ் பதிவேட்டையும் கபர்ஸ்தானையும் மறுக்காதீர்கள். எழுத்துக்கு எழுத்தாலும் பேச்சுக்குப் பேச்சாலும் பதில் கொடுங்கள். கேள்வி கேட்கும் பிள்ளையை மிரட்டாமல் ஆலிமிடம் அழைத்துச் செல்லுங்கள்.

இளைஞர்களே, மார்க்கத்தின் மீது ரோஷம் இருக்கட்டும். அந்த ரோஷத்தைப் படிப்பில் காட்டுங்கள். பதில் எழுதும் பேனாவில் காட்டுங்கள். சுவர்க்கத்தின் வாசலில் டிக்கெட் கிழிக்கும் வேலையை அல்லாஹ் நம்மிடம் ஒப்படைக்கவில்லை.