தரங்கம்பாடிப் புகைவண்டி



தரங்கம்பாடி என்றவுடன் டேனியர், டான்ஸ்பர்க் கோட்டை, சீகன்பால்கு, தமிழ் அச்சுக்கூடம் என்று நீங்கள் அடுக்கிவிடுவீர்கள். பாடநூல் கற்பித்தது அது. அவ்வூரில் ஒரு புகைவண்டி நிலையமும் இருந்தது என்று சொல்பவர் உங்களுள் மிகச் சிலரே இருப்பர்.

1620ஆம் ஆண்டில் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு டேனியர் அங்கே குடியேறினர். 1845இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டு அகன்றனர். பதினாறே ஆண்டுகள் கழித்து, 1861இல், தெற்கே நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டது. மறு ஆண்டு அது திருச்சிராப்பள்ளியை எட்டியது. இங்கேதான் நீங்கள் கருத்தூன்ற வேண்டும். மாட்டுவண்டியில் நாட்கணக்காக ஊர்ந்த சரக்கு, இப்போது சில மணி நேரத்தில் நாகைத் துறையை அடைந்தது. வணிகன் எந்தத் துறையை நாடுவான்? இரு துறைகளுக்கும் கடல் ஒன்றே. தண்டவாளம் ஒரு துறைக்கு மட்டுமே இருந்தது. தரங்கம்பாடியின் வாணிகம் தேய்ந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் இதனைச் சிறிய காரணம் என நான் எண்ணவில்லை.

அவ்வூருக்கும் புகைவண்டி வந்தது, ஆனால் அறுபத்தைந்து ஆண்டு தாமதமாக! 1926இல் மாயவரத்திலிருந்து (இன்றைய மயிலாடுதுறை) ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கிளைப்பாதை போடப்பட்டது. மீட்டர் பாதை, அதாவது, இரு தண்டவாளங்களுக்கும் இடைவெளி ஒரு மீட்டர். செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு என்று வயல்களின் நடுவே நின்று நின்று சென்றது வண்டி. 1915இல் காந்தியடிகள் தில்லையாடிக்கு வந்தபோது இப்பாதை இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

சிறு வயதில் நான் அவ்வண்டியில் சென்றிருக்கிறேன். அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் செல்லும் உறவினர் கூட்டம், தயிர்ப்பானை, வாழைத்தார், பள்ளிப் பையன்கள் எல்லாம் ஒரே பெட்டியில்! வேகம் என்று சொல்ல ஒன்றுமில்லை. தரங்கம்பாடியோடு பாதை முடிந்தது, அதற்கப்பால் கடல். ஆகவே எஞ்சினைக் கழற்றிப் பக்கத்துப் பாதை வழியாக மறுமுனைக்குக் கொணர்ந்து பூட்டுவார்கள். சிறுவர்களாகிய எங்களுக்குக் கோட்டையைவிட அக்காட்சியே பெரிது.

சாலையில் பேருந்துகள் பெருகின. 1986இல் வண்டி நிறுத்தப்பட்டது. விற்ற பயணச்சீட்டை மட்டும் எண்ணிப் பார்த்தால் கிளைப்பாதை எதுவுமே இலாபம் காட்டாது. அங்கே ஏறியவர் மயிலாடுதுறையில் மாறிச் சென்னைக்கும் மதுரைக்கும் போகிறாரே, அந்த வருவாயை எந்தக் கணக்கில் எழுதுவது? வணிகக் கணக்குப் படிக்கும் மாணவர்கள் இதனைச் சிந்திக்கலாம்.

திருவாரூர்–காரைக்குடிப் பாதையும் மீட்டர் பாதையாகவே இருந்தது. 2012இல் அதில் வண்டிகள் நின்றன. மக்கள் ஏழாண்டுகள் காத்திருந்தனர்; 2019இல் அது முழுவதும் அகலப் பாதையாகத் திறக்கப்பெற்றது. அத்தகைய மாற்றத்துக்குரிய காலம் வருமுன்னரே தரங்கம்பாடிப் பாதை மூடப்பட்டுவிட்டது. கோட்டையைக் காணச் செல்வோர் மயிலாடுதுறையில் இறங்கிப் பேருந்து ஏறுகின்றனர்.