கரண்ட் போகும் வழி, திரும்பி வரும் வழி

(தோட்ட வாசிகசாலையில் சாதாரண தர மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் தோட்ட சேமநல உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



விஞ்ஞானத்தில் மின்சாரம் என்ற பகுதி வந்தால் நம் பிள்ளைகள் பலர் புத்தகத்தை மூடி வைத்து விடுகிறார்கள். பெற்றோரோ "கரண்டு பக்கம் போகாதே" என்று சொல்வதோடு சரி. இரண்டும் போதாது. லயத்தில் தீப்பிடித்தது என்று பத்திரிகையில் செய்தி வந்தால் கடைசி வரியைப் பாருங்கள். மின்னொழுக்கு காரணமாக இருக்கலாம் என்று பெரும்பாலும் முடிந்திருக்கும். எது ஒழுகியது, எங்கே ஒழுகியது, அதனால் ஏன் தீ வந்தது என்று யாரும் விளக்குவதில்லை. இன்றைக்கு அதைத்தான் பேசப் போகிறேன். பரீட்சைக்கும் உதவும், நம்ம காம்பராவுக்கும் உதவும்.

முதலில் டோர்ச் லைட்டை எடுத்துக்கொள்வோம். உள்ளே இரண்டு பற்றரி, ஒரு குமிழ், ஒரு சுவிட்ச். பற்றரியின் ஒரு முனையில் இருந்து கரண்ட் புறப்பட்டு, சுவிட்ச் வழியாகக் குமிழுக்குள் போய், மற்ற முனைக்குத் திரும்பி வர வேண்டும். வழியில் ஒரு நூல் அளவு இடைவெளி இருந்தாலும் குமிழ் எரியாது. இந்த முழு வட்டத்தைத்தான் புத்தகத்தில் மின்சுற்று என்கிறார்கள். சுவிட்ச், அதாவது ஆளி, செய்வது ஒரே வேலை: வட்டத்தை வெட்டுவது, சேர்ப்பது.

வோல்ற்று, அம்பியர், ஓம் என்ற மூன்றையும் பிள்ளைகள் குழப்பிக் கொள்கிறார்கள். நம்ம பீலியை நினைத்துப் பாருங்கள். மேலே எவ்வளவு உயரத்தில் தொட்டி இருக்கிறதோ அவ்வளவு வேகமாகத் தண்ணீர் தள்ளும். அந்தத் தள்ளுதல்தான் வோல்ற்று. குழாயில் ஓடும் தண்ணீரின் அளவு அம்பியர். குழாய் ஒடுங்கி இருந்தால் தண்ணீர் குறையும் அல்லவா, அந்தத் தடைதான் ஓம். ஒரு பற்றரிக்கு 1.5 வோல்ற்று, இரண்டு சேர்ந்தால் 3. குமிழின் தடை 10 ஓம் என்றால் 3ஐ 10ஆல் பிரியுங்கள், 0.3 அம்பியர். ஓமின் விதி என்பது இவ்வளவுதான். ஆனால் பீலித் தண்ணீர் கானுக்குப் போய்விடும், கரண்ட் அப்படி இல்லை, அது திரும்பி வந்தே ஆக வேண்டும்.

தண்ணீர் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நம் மலைநாட்டு ஆறுகளில் இருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே எடுத்துச் சொன்னார். லக்சபான மின்நிலையம் 1950இல்தான் ஓடத் தொடங்கியது. அதற்கும் முன்பே சில தேயிலைத் தொழிற்சாலைகளில் ஓடைத் தண்ணீரால் மெஷின் ஓட்டினார்கள். தொழிற்சாலையில் வெளிச்சம், லயத்தில் குப்பி விளக்கு. அந்தக் காலம் இங்கே இருக்கும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். சரி, விஷயத்துக்கு வருவோம்.

குமிழ்களை இரண்டு விதமாக இணைக்கலாம். ஒன்றின் பின் ஒன்றாகக் கோர்த்தால் தொடர் இணைப்பு. திருவிழாச் சோடனையில் ஒரு சின்ன பல்ப் போனால் வரிசையே அணைந்து போகிறதே, அதுதான். வீட்டில் இருப்பது சமாந்தர இணைப்பு. ஒவ்வொரு விளக்குக்கும் தனி வழி, ஒவ்வொன்றுக்கும் முழு 230 வோல்ற்று. ஒன்றை அணைத்தாலும் மற்றது எரியும். வசதியான முறைதான். ஆனால் ஒவ்வொரு சாமானும் தனக்கு வேண்டிய அம்பியரைத் தனித்தனியாக இழுக்கும், எல்லாம் கூடி ஒரே வயரில் வரும். ஆபத்து இருப்பது இங்கேதான்.

வாற்றை வோல்ற்றால் பிரித்தால் அம்பியர் வரும். 2000 வாற்று கேத்தல் ஏறக்குறைய 8.7 அம்பியர். 1000 வாற்று அயன் 4.3. 700 வாற்று ரைஸ் குக்கர் 3. விடியற்காலை, பிரட்டுக்குப் போகும் அவசரத்தில் மூன்றும் ஒன்றாக ஓடினால் 16 அம்பியர். 9 வாற்று எல்.ஈ.டி. விளக்கோ 0.04 அம்பியர்தான் எடுக்கும்.

மீட்டர் இல்லாத காம்பராவுக்குப் பக்கத்து வீட்டார் வயர் இழுத்துக் கொடுக்கிறார்கள். முறையில்லைதான். ஆனாலும் பிள்ளை படிக்க வெளிச்சம் கொடுத்தவரை நான் ஏசப் போவதில்லை. விளக்குக்கு என்று இழுத்த வயர் அது. அரை சதுர மில்லிமீற்றர் வயர் 3 அம்பியருக்குத்தான் தாங்கும். நாளடைவில் அதிலேயே கேத்தலும் வருகிறது, அயனும் வருகிறது. வயரின் சூடு ஓட்டத்தின் வர்க்கத்தோடு கூடும். ஓட்டம் 5 மடங்கானால் சூடு 25 மடங்கு. பிளாஸ்டிக் உருகி இரண்டு கம்பியும் தொட்டுக்கொண்டால் கரண்ட் சாமானுக்குப் போகாமல் குறுக்கு வழியில் பாயும். இதுதான் குறுஞ்சுற்று. பக்கத்தில் புகை பிடித்துக் காய்ந்த பலகை இருக்கிறது. ஒரு காம்பராவில் பிடித்தால் லயம் முழுதும் போகும்.

"எங்க வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்குதே சேர்" என்பார்கள். ட்ரிப் சுவிட்ச் போன கரண்டையும் திரும்பி வந்த கரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. இரண்டும் சமமாக இருக்க வேண்டும். உங்கள் கை பட்டு, ஈர நிலம் வழியாகக் கொஞ்சம் ஒழுகினால் திரும்பி வருவது குறையும். வீட்டுக்குப் போடுவது 30 மில்லி அம்பியர் வித்தியாசத்துக்குள் வெட்டிவிடும். உயிரைக் காக்கும் நல்ல சாமான். ஆனால் மெல்லிய வயரில் 16 அம்பியர் போய் 16ஏ திரும்பி வந்தால் அதற்கு ஒரு குறையும் தெரியாது. பேசாமல் இருக்கும். அதைப் பார்க்க வேண்டியது பியூஸ் அல்லது பிரேக்கர். அதுவும் 20 அம்பியர் பிரேக்கர் என்றால் 16க்கு விழாது. பியூஸ் போன இடத்தில் சிகரெட் தாளோ தடித்த கம்பியோ சுற்றினால் காவல்காரனை வீட்டுக்கு அனுப்பிய கதைதான்.

ஆகவே இழுவை வயரில் விளக்கு மட்டும். முறுக்கிப் பொலித்தீன் சுற்றிய மூட்டு தளர்ந்தால் அதுவும் சூடாகும். வயரைத் தொட்டுச் சோதிக்கப் போக வேண்டாம். பிளாஸ்டிக் எரியும் வாடை வந்தாலே மெயினை அணைத்துவிட்டு மின்வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். ட்ரிப் சுவிட்ச்சில் உள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் அது பழுது. யாருக்காவது கரண்ட் பிடித்தால் கையால் இழுக்காதீர்கள், இழுப்பவரும் சுற்றில் சேர்ந்துவிடுவார். மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த பலகையில் நின்று காய்ந்த தடியால் வயரைத் தள்ளுங்கள். கரண்ட் தீக்குத் தண்ணீர் ஊற்றவே கூடாது.

மேசையில் பற்றரி, இழைக் குமிழ், வயர் எல்லாம் வைத்திருக்கிறேன். 3 வோல்ற்றுதான், பயப்பட ஒன்றுமில்லை. இரண்டு குமிழைத் தொடராக இணைத்து வெளிச்சத்தைப் பாருங்கள், பிறகு சமாந்தரமாக இணைத்துப் பாருங்கள். பொம்பிளைப் பிள்ளைகள் பின்னுக்கு ஒதுங்க வேண்டாம். நீங்கதான் முதலில் வாங்க.